தனி ஆளுக்கு ஓர் இடம்

ஜனவரி 9

அன்புள்ள டீச்சருக்கு,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் அக்காவின் ரத்த அழுத்தம் இறங்கியதா? போனில் கூப்பிட்டால், "போன்ல நீங்க 'ம்' மட்டும்தான் சொல்வீங்க, எழுதுங்க" என்று வைத்துவிட்டாய். ஆகவே எழுதுகிறேன். வேலை பார்த்த காலமெல்லாம் அறிக்கை எழுதிய கை, பழக்கம் விடவில்லை. இந்தக் கடிதத்தில் வருபவை:

1. சைரன் ஒலித்தபோது நான் இருந்த இடம்.
2. நான் வீட்டுக்குத் திரும்பாததற்கு முறைப்படியான காரணம்.
3. அந்த நேரத்தில் உன்னைப் பற்றி நினைத்தது.
4. முகாமில் நடந்தது.
5. வீட்டின் தற்போதைய நிலை.

முதலாவது: நான் சதுக்கத்தில் கண்ணாடிக் கடையில் இருந்தேன். மூக்குத்தாங்கி உடைந்ததே, அதற்காக. நம் வீட்டிலிருந்து இரண்டு தெரு. குளிர்பதனக் கிடங்கில் அமோனியா கசிகிறது, எல்லோரும் கிளம்புங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

இரண்டாவது: நகரப் போக்குவரத்து அலுவலகத்தின் வெளியேற்றத் திட்டத்துக்கு மாடல் போட்டவன் நான் என்பது உனக்குத் தெரியும். ஆபத்து நேரத்தில் எத்தனை பேர், எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில் ஊரை விட்டுப் போவார்கள் என்று கணினியில் கணக்கிடுவது. அதன் அடிப்படை விதி: ஒவ்வொருவரும் தான் நிற்கும் இடத்திலிருந்து நேரே வெளியே போக வேண்டும். ஒருவர் எதிர்த்திசையில் நடந்தால் அவருக்குப் பின்னால் பலர் தாமதப்படுவார்கள். ஊருக்கே இதை எழுதிக்கொடுத்த நானே மீறினால் நன்றாக இருக்காது என்று பட்டது. சரியாகப் பட்டதா என்பது வேறு.

மூன்றாவது: நீ அதற்குள் கீழே இறங்கியிருப்பாய் என்று நினைத்தேன்.

நான்காவது: முகாமாக மாற்றிய விளையாட்டரங்கத்தில் எனக்கு வடக்குப் பக்கம் இடம் கொடுத்தார்கள். கம்பளி இரண்டு, பிஸ்கட், தண்ணீர். ஒவ்வொரு வண்டி வந்தபோதும் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். அங்கிருந்த ஊழியரிடம் வாசல் ஒன்றே என்றால் நெரிசல் வரும், இறங்க ஒன்று ஏற ஒன்று வேண்டும் என்று சொன்னேன்; அவர் கேட்டுக்கொண்டார். நீ வந்தபோது இருட்டிவிட்டது. "எப்படி வந்தே?" என்றேன். "நாற்காலியில" என்றாய். தேநீர் வாங்கி வந்து கொடுத்தேன். நீ கையில் வைத்துக்கொண்டே இருந்தாய், குடிக்கவில்லை. மறுநாள் உன் அக்கா மகன் வந்து அழைத்துப் போனபோது, "முழங்கால் சரியானதும் வரேன்" என்றாய்.

ஐந்தாவது: வீட்டில் வாடை போய்விட்டது. லிஃப்ட் ஓடுகிறது. சாப்பாட்டு மேஜை நாற்காலி கீழ்வாசலில் மழையில் நனைந்து கிடந்தது. எடுத்து வந்து காயவைத்திருக்கிறேன். ஒரு கால் ஆடுகிறது. மேல்வீட்டு டிரம்ஸ்காரர் உன்னை அதில் வைத்து நான்கு மாடி இறக்கியதற்கு நன்றி சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது.

உன்,
என்ஜினியர்


ஜனவரி 30

அன்புள்ள என்ஜினியருக்கு,

இங்கே சுகம். உங்கள் இருமல் எப்படி? அலமாரியில் இடதுபக்கம் மாத்திரை இருக்கிறது, எழுந்து எடுத்துக்கொள்ள வேண்டும், அதுவாக வராது.

உங்கள் கடிதத்தை அக்கா பிரித்துப் பார்த்தாள். "என்னடி இது, உன் வீட்டுக்காரர் லெட்டர் போட்டிருக்காரா, டெண்டர் விட்டிருக்காரா?" என்றாள். நான் சிரித்தேன். சிரித்து நாளாயிற்று.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்தும்போது ஒன்று கவனிப்பேன். தெரியாத கேள்விக்கு நீளமாக எழுதுவார்கள். பயப்படுகிற கேள்விக்கு ஒரு வரி எழுதுவார்கள். உங்கள் நான்காவது குறிப்பு அரைப் பக்கம். மூன்றாவது ஒரே வரி. மொத்தத்தில் பத்துக்கு நாலு போடுகிறேன், கையெழுத்துக்காக.

முழங்காலுக்குத் தினமும் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். "மடக்குங்கம்மா, மடக்குங்க, அவ்வளவுதானா?" என்று அதட்டுகிறாள். நான் பிள்ளைகளை அதட்டியதற்கெல்லாம் சேர்த்து வாங்குகிறேன்.

எப்போது வருவேன் என்று தெரியவில்லை.

டீச்சர்


பிப்ரவரி 4

அன்புள்ள டீச்சருக்கு,

நலம். இருமலுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டேன், எழுந்து போய்த்தான். நீ பயிற்சியை விட்டுவிடாதே.

அலுவலகத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றபின் அந்தப் படியேறியது இதுதான் முதல் தடவை. என் மாடலுக்கும் நடந்ததற்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று பேச வேண்டுமாம். இப்போதைய பிரிவுத் தலைவி என்னில் பாதி வயதுப் பெண். மரியாதையாகத்தான் பேசினாள். சுவரில் காமிராப் படங்களை ஓட்டினாள்.

"சார், இத பாருங்க. சைரன் அடிச்சாச்சு. ஊர் வெளியதானே போகணும்? பாதி ஊர் உள்ள வருது!"

உண்மைதான். பாலத்தில் ஆட்கள் ஊருக்குள் ஓடி வருகிறார்கள். வேலைக்கு வெளியே போனவர்கள் வீட்டை நோக்கி. ஒரு ஆள் ஒரு கையில் குழந்தை, மறுகையில் தொட்டி, தொட்டிக்குள் ஆமை. அவர்களால் பாலம் அடைத்து, ஏற்றிப்போன பஸ்களெல்லாம் அடுத்த நடைக்குத் திரும்ப முடியாமல் நின்றுவிட்டன. என் மாடலில் இப்படித் திரும்பிப் போகிறவர்களை நூற்றுக்கு ஐந்து என்று வைத்து, 'இரைச்சல்' என்ற தலைப்பில் போட்டிருந்தேன். கணக்கில் சேர்க்கத் தேவையில்லாத சில்லறை ஆட்டம் என்று அர்த்தம்.

மேஜையின் கடைசியில் ஒரு பையன் சொன்னான்: "மாடல் சொன்னபடி நடந்த மனுஷன் ஒருத்தராவது இந்த ஊர்ல இருந்திருப்பாரா மேடம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது.

உன்,
என்ஜினியர்


பிப்ரவரி 26

அன்புள்ள டீச்சருக்கு,

பதில் வரவில்லை. முழங்கால் வலியோ என்று கவலையாக இருக்கிறது. நான் நலமாக இருக்கிறேன்.

டிரம்ஸ்காரருக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை. அவர் மேல் குடியிருப்போர் சங்கத்துக்கு மூன்று புகார் கொடுத்தவன் நான். மூன்றாவதில் 'சகிக்க முடியாத இரைச்சல்' என்று எழுதியது நினைவிருக்கும், நீதான் வேண்டாம் என்றாய். இப்போது அந்தச் சத்தம் எனக்கு ஒரு விதத்தில் உதவுகிறது. டிரம்ஸ் அடிக்கும்போது அவர் மேலே இருக்கிறார் என்று உறுதி. அந்த நேரம் பார்த்துக் கடைக்குப் போய்வந்துவிடுகிறேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

போன செவ்வாய், நான் படியில் இருக்கும்போதே சத்தம் நடுவில் நின்றுவிட்டது. இறங்கி வந்துவிட்டார். கையில் குச்சிகள்.

"சார்! எப்படி இருக்கீங்க? டீச்சர் எப்ப வராங்க?"

"முழங்கால்... சரியானதும்."

"நான் வாசிக்கிறது தொந்தரவா இருந்தா சொல்லிடுங்க சார், சங்கத்துக்கு எழுத வேணாம்."

"இல்லல்ல. வாசிங்க. நல்லா... நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்கா!" என்று என்னையே பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர் போல் வாய் திறந்து, பிறகு, "பை கனமா இருக்கே, குடுங்க" என்று வாங்கி நம் வாசல் வரை கொண்டுவந்து வைத்தார். உன்னை இறக்கிய கை. அப்போதாவது நன்றி சொல்லியிருக்கலாம். "பால் திரிஞ்சிடும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன்.

புகார் மூன்றையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

உன்,
என்ஜினியர்


மார்ச் 15

அன்புள்ள என்ஜினியருக்கு,

சுகம்தான். இப்போது கைத்தடி இல்லாமல் அறையைச் சுற்றி நடக்கிறேன். அக்கா பின்னாலேயே வருகிறாள், விழுந்தால் பிடிப்பதற்கு. எனக்கு ஏழு வயது மூத்தவள். நான் விழுந்தால் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். சொன்னால், "நீ நட, வாயாடாதே" என்கிறாள்.

பதில் எழுதாததற்கு முழங்கால் காரணமில்லை. உங்கள் பிப்ரவரிக் கடிதங்கள் இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆமைக்காரர் உட்பட. பால் திரிந்ததா?

மாடலைத் திருத்துகிறார்களா? திருத்தினால் ஒன்று கேட்க வேண்டும். ஊரில் உள்ளவர்களையெல்லாம் வகை பிரித்து வைப்பீர்களே, அதில் என்னை எந்த வகையில் போட்டிருக்கிறீர்கள்?

டீச்சர்


மார்ச் 20

அன்புள்ள டீச்சருக்கு,

கைத்தடி இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும் எழுந்து இரண்டு தரம் அறையைச் சுற்றினேன். ஏன் என்று தெரியவில்லை.

பால் திரியவில்லை.

மாடலைத் திருத்துகிறோம். வாரம் இரண்டு நாள் போகிறேன். பிரிவுத் தலைவியிடம் ஒன்று சொன்னேன்: இதுவரை ஆளை எண்ணினோம், இனிமேல் வீட்டை எண்ணுவோம். ஒரு வீட்டு ஆட்கள் எங்கெங்கோ சிதறி இருந்தாலும், முதலில் ஒன்றுசேருவார்கள், பிறகுதான் ஊரை விட்டு நகருவார்கள். அப்படி ஓட்டிப் பார்த்ததில் நடந்ததற்கு மிக அருகில் வந்தது. "இத மொதல்லயே யோசிக்காம விட்டோமே சார்" என்றாள். 'விட்டோமே' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டது அவளுடைய நல்ல மனசு.

இப்போது வகைகள் மூன்று. தேடிப் போகிறவர். காத்திருக்கிறவர். தனி ஆள். உன்னைக் 'காத்திருக்கிறவர்' வகையில் போட்டிருக்கிறேன். அந்த வகைக்கு மாடலில் ஒரு குணம் உண்டு: தன்னைத் தேடி யாரும் வராதவரை அவர் நகர மாட்டார். ஆகவே அவரை நோக்கி ஒருவர் கட்டாயம் போக வேண்டும், இல்லாவிட்டால் கணினியில் அந்தப் புள்ளி அங்கேயே நின்றுகொண்டிருக்கும். நேற்று ஓட்டியபோது அப்படி ஒரு புள்ளி நம் தெருவில் நின்றது. தலைவி, "ஏதோ பிழை சார்" என்றாள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

என்னை எந்த வகை என்று நீ கேட்கவில்லை. நானும் இன்னும் முடிவு செய்யவில்லை.

உன்,
என்ஜினியர்


ஏப்ரல் 18

அன்புள்ள என்ஜினியருக்கு,

இருவரும் சுகம். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். அக்கா, "எழுதிட்டு எழுந்திரு, இல்லைன்னா பேனாவ என்கிட்ட குடு, நான் எழுதறேன்" என்றாள். அவள் எழுதினால் உங்களால் தாங்க முடியாது.

அன்று சைரன் கேட்டதும் நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். மாத்திரை, வங்கிப் புத்தகம், உங்கள் கம்பளி மேல்சட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டேன். கதவைத் திறந்து வைத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். லிஃப்ட் நின்றுவிட்டது. வாடை வர ஆரம்பித்தது. கண் எரிந்தது. எனக்குப் பயமாகவே இல்லை. இரண்டு தெருதானே, வந்துவிடுவார் என்று இருந்தேன். படியில் யார் காலடி கேட்டாலும் நீங்கள்தான் என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன்.

கடைசியில் வந்தவர் டிரம்ஸ்காரர். அவர் சதுக்கத்திலிருந்து தன் மனைவியைத் தேடி ஓடி வந்தவர். அவள் அதற்குள் போயிருந்தாள். திரும்பி இறங்கும்போது என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயையோ, டீச்சர்! நீங்க ஊர்ல இருக்கீங்களா? சார் தனின்னாரே!"

"யார்கிட்ட?"

"கண்டக்டர்கிட்ட. பஸ்ல ஒரு சீட்டுதான் பாக்கி. எல்லாரும் குடும்பமா நிக்கறாங்க, ஏற மாட்டேங்கறாங்க. 'தனி ஆள் யாராவது இருக்கீங்களா'ன்னு கேட்டான். சார்தான் கையத் தூக்கி, 'நான் தனி'ன்னாரு. நான் ரெண்டு ஆள் பின்னாடிதான் நின்னேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. என் முகத்தைப் பார்க்காமல், "வாங்க டீச்சர், நாற்காலிய விட்டு எழுந்திரிக்காதீங்க" என்று, படியில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு ஆளையும் கூப்பிட்டுத் தூக்கினார். நான்கு மாடியும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு சத்தம் போடுகிற மனிதர்.

முப்பத்தெட்டு வருடத்தில் நான் உங்களிடம் பெரிதாக எதுவும் கேட்டதில்லை. இந்த மூன்று மாதமாக நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். எந்தக் கடிதத்திலும் அந்த பஸ் இல்லை. நீங்கள் முகாமுக்குப் பறந்து போன மாதிரி இருக்கிறது.

என் வகை சரிதான். காத்திருக்கிறவள்.

டீச்சர்


மே 3

அன்புள்ள டீச்சருக்கு,

உன் கடிதம் வந்து பதிமூன்று நாள் ஆகிறது. நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

டிரம்ஸ்காரர் சொன்னது உண்மை. அந்த வார்த்தையைச் சொன்னேன். கையைத் தூக்கினேன். அவர் பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா என்று யோசித்தேன். சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைக்கும்போது இன்னும் கேவலமாக இருக்கிறது.

மாடி ஏறிப் போய் அவர் கதவைத் தட்டினேன். "அன்னிக்கு..." என்றேன். "விடுங்க சார், உள்ள வாங்க" என்றார். அவர் மனைவி தண்ணீர் கொடுத்தாள். "டீச்சர தூக்கினதுக்கு..." என்று மறுபடி ஆரம்பித்தேன். "டீச்சர் வெயிட்டே இல்ல சார். நாற்காலிதான் வெயிட்டு" என்றார். நன்றி என்ற சொல்லை வாசலில் செருப்புப் போடும்போது குனிந்துகொண்டு சொன்னேன். செருப்புக்குச் சொன்ன மாதிரி இருந்திருக்கும்.

உன்னிடம் ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். இது சாக்கு இல்லை, விளக்கம். முதல் கடிதத்தின் மூன்றாவது குறிப்பில் எழுதியபடி, நீ அதற்குள் இறங்கியிருப்பாய் என்று நினைத்தேன். நீ வேறு வண்டியில் போயிருப்பாய், நான் தனியாகத்தான் நிற்கிறேன் என்ற எண்ணத்தில்தான் அந்த வார்த்தை வந்தது.

மன்னிக்க வேண்டும்.

உன்,
என்ஜினியர்


மே 14

அன்புள்ள என்ஜினியருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் கடிதத்தை அக்காவிடம் படித்துக் காட்டினேன். செருப்புக்கு நன்றி சொன்ன இடத்தில் அவளும் சிரித்துவிட்டாள். பிறகு, "மனுஷன் தப்பா நெனச்சிட்டாரு. நெனச்சாரே, அதுவே பெருசு" என்றாள். அவள் வாயிலிருந்து உங்களைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தை வந்தது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

எனக்கும் அது போதும். தப்புக் கணக்குப் போட்டாலும் அந்தக் கணக்கில் நான் இருந்தேன். இவ்வளவு நாள் என்னை அரித்தது அதுதான்: ஒரு நிமிஷமாவது என்னை நினைத்தாரா இல்லையா. இந்த மூன்றாவது குறிப்பைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறேன்.

இருபத்திரண்டாம் தேதி காலை வண்டி, டிக்கெட் எடுத்தாயிற்று. ஸ்டேஷனுக்கு வராதீர்கள், கூட்டத்தில் உங்களுக்குப் படபடப்பு வரும். நானே டாக்ஸி பிடித்துக்கொள்வேன். லிஃப்ட் ஓடுகிறதல்லவா? ஓடாவிட்டாலும் ஏறுவேன்.

நாற்காலியின் காலை ஒட்டி வையுங்கள்.

டீச்சர்


மே 17

அன்புள்ள டீச்சருக்கு,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், நீ கிளம்புவதற்கு முன் கிடைக்க வேண்டும் என்று. நீயும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். நாற்காலியின் கால் ஒட்டியாயிற்று. நான் உட்கார்ந்து பார்த்தேன், தாங்குகிறது. லிஃப்ட் ஓடுகிறது.

இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு குறிப்புதான்.

நீ வருகிறாய் என்று படித்ததும் வீடு பெருக்கினேன். ஜன்னல் துடைத்தேன். உன் தலையணை உறையை மாற்றினேன். பிறகு உன் கடிதத்தை மறுபடி எடுத்து, 'மூன்றாவது குறிப்பைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறேன்' என்ற வரிக்கு வந்து, அதற்கு மேல் படிக்க முடியவில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க இருந்துபார்த்தேன். நீ வந்துவிடுவாய், யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் இதுவரை செய்ததெல்லாம் அப்படித்தான்.

சதுக்கத்தில் நடந்தது இது. கண்டக்டர் படியில் நின்று, "தனி ஆள் யாராவது இருக்கீங்களா? ஒரு எடம்தான்! வண்டி எடுக்கணும்!" என்று கத்தினான். எனக்கு முன்னால் நின்ற பெண், "அவர் வரட்டும், அவர் வரட்டும்" என்று யாரையோ தேடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தோளுக்கு மேலே அந்த இடம் தெரிந்தது. ஜன்னலோரம். அப்போது என் மனதில் மாடல் இல்லை, விதி இல்லை. நீயும் இல்லை. அந்த இடம் மட்டும் இருந்தது. என் கை எழுந்தது. அவளைத் தாண்டி ஏறினேன். உட்கார்ந்ததும் கண்ணாடி பத்திரமாக இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன்.

வண்டி பாலத்தைத் தாண்டிய பிறகுதான் உன் ஞாபகம் வந்தது. மணிக் கயிறு தலைக்கு மேலேயே தொங்கியது. பாலத்தில் எதிரே ஊருக்குள் ஓடுகிறவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எழுந்தேன். பக்கத்தில் இருந்தவர், "எறங்கறீங்களா?" என்று காலை ஒதுக்கினார். "இல்ல, சும்மா" என்று மறுபடி உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு, இறங்கியிருப்பாள், இந்நேரம் இறங்கியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்ல ஆரம்பித்தேன். முகாமுக்குப் போய்ச் சேருவதற்குள் அதை நம்பியும் விட்டேன். இரண்டாவது குறிப்பையும் அங்கேதான் தயாரித்தேன் என்றாலும், அதில் உள்ள விதியாவது நான் உண்மையில் எழுதியது. மூன்றாவதில் அதுகூட இல்லை.

என்னை வர வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாலும், இருபத்திரண்டாம் தேதி வண்டி வரும் நேரத்துக்கு ஸ்டேஷனில் இருப்பேன். கூட்டம் இறங்கி முடியும்வரை நிற்பேன். நீ இறங்காவிட்டால் இந்தக் கடிதம் கிடைத்துவிட்டது என்று தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

உன்னிடம் இன்னும் சிவப்புப் பேனா இருக்கும். ஜனவரி ஒன்பதாம் தேதிக் கடிதத்தை எடு. மூன்றாவது குறிப்பு தவறு. அடித்துவிடு.

என்ஜினியர்